புகைக் கணக்கும் மாப்பிள்ளை வீடும்

நேர்காணல் என்ற சொல்லை உண்டாக்கியவர் கையில் கிடைத்தால் இரண்டு கேள்வி கேட்பேன். நேரில் காண்பதுதான் நேர்காணல் என்றால், லேப்டாப்பில் காண்பதற்கு என்ன பெயர்? நேரில் போய் நின்றவளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அனுப்பிவைப்பதற்கு என்ன பெயர்? இரண்டும் எனக்கு நடந்தவை. இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன், வயிற்றெரிச்சல் சீக்கிரம் தீரட்டும்.

குழந்தை மருத்துவத்தில் எம்.டி. முடித்த கையோடு, பச்சிளங்குழந்தைகளைப் பார்க்கும் மேற்பயிற்சிக்கு விண்ணப்பம் போட ஆரம்பித்தேன். குறைமாதத்தில் பிறந்து உள்ளங்கையில் அடங்கிவிடுகிற பிள்ளைகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துத் தேற்றி எடுக்கும் வேலை. எனக்கு அதில் பைத்தியம் என்றே சொல்லலாம். ஆனால் நான் ஆசைப்பட்ட ஆஸ்பத்திரிகள் எல்லாம் வடக்கே இருந்தன, ஒவ்வொன்றிலும் ஓர் இடம், மிஞ்சினால் இரண்டு. அந்த ஓர் இடத்துக்கு நாட்டின் நாலு மூலையிலிருந்தும் ஆட்கள் கிளம்பிப் போவார்கள்.

நானும் கிளம்பினேன். எங்கள் வீடு தஞ்சாவூருக்கும் ஒரத்தநாட்டுக்கும் நடுவில், ரோட்டை ஒட்டி இருக்கிறது. அங்கே பஸ் ஏறி தஞ்சாவூர், அங்கிருந்து திருச்சி, அங்கிருந்து விமானத்தில் சென்னை, இன்னொரு விமானத்தில் வடக்கே, பிறகு டாக்ஸி. புதுக் கோட்டு கசங்கக் கூடாது என்று வழியெல்லாம் கைக்குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு போனேன். உள்ளே கூப்பிட்டார்கள். நடுவில் உட்கார்ந்திருந்த பெரிய டாக்டர் என் விண்ணப்பத்தைப் பார்த்தபடியே, "தஞ்சாவூரா? தலையாட்டி பொம்மை!" என்று சொல்லித் தலையை ஆட்டிக் காட்டினார். பக்கத்தில் இருந்த இருவரும் ஆட்டினார்கள். மரியாதைக்காக நானும் ஆட்டினேன். அப்புறம் ஒன்றிரண்டு கேள்வி. அவர்கள் முன்னால் இருந்த டீ ஆறுவதற்குள் நான் வெளியே வந்துவிட்டேன்.

வெளியே நடைவழியில் மற்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி அசாமிலிருந்து, ஒருவர் கேரளத்திலிருந்து, இன்னொருத்தி குஜராத்திலிருந்து காய்ச்சலோடு. பேச்சோடு பேச்சாக, யாரோ ஒருவர் போனில் ஒரு பக்கத்தைத் திறந்தார். எங்கிருந்து எங்கே பறந்தோம் என்று போட்டால், நம் பங்குக்கு எவ்வளவு கார்பன் புகை என்று அது சொல்லும். எல்லோரும் வரிசையாகப் போட்டுப் பார்த்தோம். எண் இப்போது நினைவில் இல்லை. எங்கள் வீட்டு கேஸ் அடுப்பில் பல மாதம் சோறு பொங்கினாலும் அத்தனை புகை வராது என்று மனக்கணக்குப் போட்டது மட்டும் நினைவிருக்கிறது. பல மாதச் சோறு, தலையாட்டி பொம்மைக்கு! காய்ச்சல்காரி சொன்னாள்: "இத்தனை புகையைக் கிளப்பிவிட்டு, நாளைக்கு நாமேதான் மூச்சிரைப்புக் குழந்தைகளுக்கு மருந்து எழுதப்போகிறோம்." நடைவழியே அதிரச் சிரித்தோம். காவலாளி வந்து அடக்கினார்.

இடம் கிடைக்கவில்லை. அதற்குக்கூட அவ்வளவு கோபம் வரவில்லை எனக்கு. நானும் சேர்ந்து தலையை ஆட்டினேனே, அதற்குத்தான் திருச்சி வந்து சேரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து வேறொரு ஆஸ்பத்திரியிலிருந்து மெயில் வந்தது. இதுவும் வடக்கேதான், ஆனால் நான் மாணவியாக இருந்த நாளிலிருந்து கனவு கண்ட இடம். நேர்காணலுக்கு நேரிலும் வரலாம், இணையம் வழியாகவும் வரலாம், இரண்டுக்கும் மதிப்பு ஒன்றே என்று எழுதியிருந்தார்கள். கடைசியில் ஒரு வரி: பயணத்தால் எழும் கார்பனை மனதில் வைத்து இணையத்தைத் தேர்ந்தெடுத்தால் மகிழ்வோம். எனக்கு அந்த வரியை எழுதிய கைக்கு மோதிரம் போடலாம் போல இருந்தது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு பயம். இருக்கிறது ஓர் இடம். நான் வீட்டில் உட்கார்ந்திருக்க, எவளோ ஒருத்தி விமானம் ஏறிப் போய் நேரில் நின்றால், அவர்கள் யாரை எடுப்பார்கள்?

அம்மாவுக்கு அதில் சந்தேகமே இல்லை.

"போன வருஷம் கல்யாணப் பத்திரிகைய போன்ல அனுப்புனாங்களே, அவங்க வீட்டு விருந்துக்கு நாம போனோமா?"

"போகல."

"ஏன் போகல? நேர்ல வந்து கூப்புடல. ஒரு வேளை பிரியாணிக்கே நமக்கு அவ்வளவு ரோஷம் இருக்கு. சீட்டு குடுக்குறவங்களுக்கு இருக்காதா?"



இரவு சாப்பாட்டுக்கு முன்னால் அத்தாவின் வீடியோ கால் வந்தது. என் அத்தா, அதாவது அப்பா, வளைகுடாவில் ஒரு மளிகைக் கடையில் கல்லாவில் உட்காருகிறவர். நான் தவழ்ந்த காலத்தில் போனவர். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வந்து, பெட்டி பிரித்து, கறிக்குழம்பு சாப்பிட்டு, பெட்டி கட்டிப் போவார். கடைசியாக வந்தது நான் எம்.டி. சேர்வதற்கு முன்னால். அதற்கப்புறம் ஒவ்வொரு லீவும் ஏதோ ஒரு காரணத்தால் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. என் முதல் மூக்குக்கண்ணாடி, பத்தாம் வகுப்பு மார்க்கு, நான் வெள்ளைக் கோட்டு போட்ட நாள், எல்லாமே அவர் திரையில் பார்த்தவைதான். அதனால் எங்கள் வீட்டில் வீடியோ கால் தனியாள் சமாசாரம் கிடையாது. மணி அடித்தால் வீட்டில் இருக்கிற எல்லோரும், அந்த நேரம் பால்காரர் வந்து நின்றால் அவரும்கூட, முகம் காட்டி சலாம் சொல்லி, "சாப்டீங்களா" என்று கேட்டுவிட்டுத்தான் நகர்வார்கள்.

அத்தாவிடம் சொன்னேன். அவரும் அம்மா கட்சி.

"நேர்லயே போயிடும்மா."

"எதுக்கு அத்தா? அவங்களே வர வேணாம்னுதானே எழுதிருக்காங்க."

"வர வேணாம்னு எழுதல. வராட்டியும் பரவால்லன்னு எழுதிருக்காங்க. ரெண்டும் ஒண்ணு இல்ல. கல்லால ஒக்காந்திருக்கறவனுக்கு அந்த வித்தியாசம் தெரியும்."

நான் விடவில்லை. விமானப் புகையிலிருந்து ஆரம்பித்து, கடல் மட்டம், டெல்டாவில் உப்பேறும் நிலம், காலம் தப்பிப் பெய்யும் மழை என்று ஒரு பிரசங்கமே செய்தேன். அத்தா யாருக்கோ சில்லறை கொடுத்துக்கொண்டே பொறுமையாகக் கேட்டார். பிறகு கேட்டார்:

"அப்போ நான் ஊருக்கு வராம இருந்த வருஷத்துக்கெல்லாம் புகை மிச்சம்தானே?"

"மிச்சம்தான்."

"அத நீ எடுத்துக்க. ஒன் பேர்லயே எழுதிட்டேன். கிரயம்கூட இல்ல, தான செட்டில்மெண்ட். அந்தக் கணக்குல ப்ளைட் ஏறு."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மாவும் சிரித்தார். அத்தா மட்டும் சிரிக்கவில்லை. "ஸ்கிரீன்ல என்ன தெரியும், என்ன தெரியாதுன்னு எனக்குத் தெரியும்மா," என்றார். "நீ மெலிஞ்சிருக்கியா, இல்லியான்னு எனக்குத் தெரியாது. ஒங்கம்மா சொன்னாத்தான் தெரியும்." அதற்குள் கடையில் கூட்டம் வந்துவிட்டது, வைத்துவிட்டார். எனக்கு வந்தது அழுகைதான், வேறு பெயர் வைக்க வேண்டியதில்லை.

ஆனாலும் நான் இணையம் என்றே பதில் அனுப்பினேன். பிடிவாதத்தில் எங்கள் வம்சத்துக்குப் பட்டயம் உண்டு. அனுப்பி முடித்ததைச் சொன்ன பிறகுதான் அம்மா வாயைத் திறந்தார்.

"நீ நேர்ல போறதா இருந்தா தொணைக்கு வரலாம்னு ஒங்க அத்தா நெனச்சிருந்தாரு. மொதலாளிகிட்ட லீவு கேக்க ஒரு காரணம் வேணும்ல? மகளுக்கு இன்டர்வியூன்னா குடுப்பாரு. வீட்டுக்குள்ளயே ஒக்காந்து பண்ற இன்டர்வியூவுக்கு யாரு லீவு குடுப்பா?"

"இத மொதல்லயே சொல்லக் கூடாதாம்மா?"

"அவரே சொல்லாதத நான் எப்புடிடி சொல்றது?"

உடனே அத்தாவைக் கூப்பிட்டேன். அவர் ஒன்றுமே நடக்காதது போல, "அதனால என்னம்மா, சீட்டு கெடைக்கட்டும். சேத்துவுட வர்றேன். அதுக்கு லீவு இல்லம்பாரா?" என்றார். ஆக, இப்போது அந்த ஓர் இடத்தில் நான் மட்டும் தொங்கவில்லை, அத்தாவின் லீவும் சேர்ந்து தொங்கியது. கிடைத்தால் அத்தா வருவார். கிடைக்காவிட்டால் அடுத்த காரணம் வரும்வரை திரைதான். அன்றிலிருந்து நான் படித்த படிப்பை எம்.டி. பரீட்சைக்குக்கூடப் படித்ததில்லை.

நேர்காணல் நாள் தை மாதத்தில் வந்தது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் சம்பா விளைந்து தலைசாய்ந்து நின்றது. எனக்குச் சொன்ன அதே காலை நேரத்துக்கு அறுப்பு மெஷினும் வருகிறது என்று முதல்நாள் தெரிந்தது. வயல்காரரிடம் போய்க் கெஞ்சினேன்.

"மெஷின் நம்ம கையிலயாங்க இருக்கு? நம்மளுக்கு முன்னாடி இன்னும் நாலு ஊரு காத்துக் கெடக்கு. மழ வேற வர்றாப்ல இருக்கு. நாளைக்கு விட்டா கதிரு படுத்துருங்க."

காலம் தப்பிப் பெய்யும் மழையைப் பற்றி அத்தாவிடம் பிரசங்கம் செய்தவள் நான். வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

மாடி அறையில் ஜன்னலை எல்லாம் அடைத்தோம். அம்மா என் கோட்டோடு பேண்டையும் சேர்த்து இஸ்திரி போட்டார். இடுப்புக்குக் கீழே யார் பார்க்கப்போகிறார்கள் என்றேன். "அல்லா பாக்குறான்," என்றார். போட்டுக்கொண்டேன்.

திரையில் மூன்று பேர் வந்தார்கள். நடுவில் தலை முழுக்க நரைத்த அம்மையார், துறைத் தலைவர். வலப்பக்கம் ஒல்லியாக, சிரிப்பு என்பதை இன்னும் கேள்விப்படாத முகத்தோடு ஒருவர். இடப்பக்கம் தாடி வைத்த இளம் டாக்டர், பார்க்க லட்சணமாக. பேச்செல்லாம் ஆங்கிலத்தில். ஒல்லிக்காரர் கேள்விகளை அடுக்கினார். குறைமாதப் பிள்ளைக்கு மூச்சு நின்று நின்று வந்தால் என்ன செய்வாய், மஞ்சள் காமாலை ஏறினால் என்ன செய்வாய், தாய்ப்பால் எப்போது, எவ்வளவு. நான் கடகடவென்று சொல்லிக்கொண்டே போனேன். எனக்கே என்மேல் ஆசை வந்துவிட்டது. அப்போது பின்னால் மெஷின் உறும ஆரம்பித்தது.

"அது என்ன, ஹெலிகாப்டரா?" என்றார் ஒல்லிக்காரர்.

"நெல் அறுக்கிறார்கள் சார்."

அம்மையார் முகத்தில் ஒரு சுவாரசியம் வந்தது. அடைத்த ஜன்னலின் இடுக்கு வழியாக நெல் சுணை உள்ளே வந்து எனக்குத் தும்மல் வந்தது. சத்தம் தாங்காமல் அம்மா, மெஷின்காரரிடம் "கொஞ்ச நேரம் அந்தப் பக்கமா அறுங்களேன்" என்று கெஞ்சுவதற்காகக் கொல்லைப்பக்கம் ஓடினார். அதாவது வீட்டுக்குக் காவல் இல்லை. அந்த நேரம் பார்த்துத்தான் மயிலாடுதுறையிலிருந்து குப்பி வந்து இறங்கினார்.

குப்பி என்றால் அத்தாவின் அக்கா. சொல்லிக்கொண்டு வருகிற வழக்கம் அவருக்கு இல்லை. கீழே யாரையும் காணாமல், மாடியில் பேச்சுச் சத்தம் கேட்டு ஏறி வந்திருக்கிறார். கதவைத் திறந்தால் இந்தக் காட்சி: நான் இஸ்திரி போட்ட உடையில், தலைவாரி, கையைக் கட்டிக்கொண்டு, பணிவின் சிகரமாகத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். திரையில் ஒரு வயதான அம்மா, ஒரு வயதான ஆள், நடுவயதுகூட வராத தாடிக்காரப் பையன். குப்பிக்கு ஒரு நொடி போதும், புரிந்துவிட்டது. புரிந்ததுதான் தப்பு.

இதில் குப்பியைக் குறை சொல்லவும் முடியாது. எங்கள் பக்கம் இப்போது பெண் பார்ப்பதே இப்படித்தான் நடக்கிறது. மாப்பிள்ளை துபாயில் இருப்பார், அவர் அக்கா மலேசியாவில் இருப்பார், பெண் இங்கே இருப்பாள், எல்லோரும் திரையில் கூடிவிடுவார்கள். என் பெரியம்மா மகளை அப்படித்தான் பார்த்தார்கள். பாதியில் நெட் போய் மாப்பிள்ளை வாயைத் திறந்தபடி உறைந்து நின்றார், அதையும் பார்த்துப் பிடித்துத்தான் அவள் கட்டிக்கொண்டாள்.

குப்பி பையைக் கீழே வைத்தார். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நாற்காலி முதுகில் கிடந்த என் துப்பட்டாவை எடுத்துத் தலையில் முக்காடாகப் போட்டுவிட்டார். பிறகு திரையைப் பார்த்து மலர்ந்தார்.

"அஸ்ஸலாமு அலைக்கும். எல்லாரும் சாப்டீங்களா?"

அம்மையார் ஏதோ மரியாதை என்று புரிந்துகொண்டு கைகூப்பினார். குப்பி என் காதில், மயிலாடுதுறைக்கே கேட்கும் அளவுக்கு ரகசியமாக, "மாமியா நல்லவங்களா தெரியுறாங்க," என்றார். அப்புறம் தாடிக்காரரிடம் திரும்பினார்.

"மாப்ள எங்க வேலையா இருக்காங்க?"

"குப்பி, இது இன்டர்வியூ குப்பி," என்றேன்.

"எல்லாம் இன்டர்வியூதாம்மா. எங்க காலத்துலயும் இப்புடித்தான் குடைஞ்சு குடைஞ்சு கேட்டாங்க. நீ சும்மா இரு, பெரியவங்க பேசிக்கிறோம்."

ஒல்லிக்காரர், "இவர் என்ன சொல்கிறார்?" என்று கேட்டார். அப்போதுதான் தெரிந்தது, தாடிக்காரர் மலையாளி, தமிழ் நன்றாகப் புரியும் என்று. அவர் முகம் காதுவரை சிவந்திருந்தது. "சார், நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்று கேட்கிறார்," என்று ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அம்மையாருக்குச் சட்டென்று விஷயம் பிடிபட்டது. வாயைக் கையால் மூடிக்கொண்டார், ஆனால் தோள் குலுங்கியது.

குப்பி அதற்குள் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார். "ஒளிவு மறைவு இல்லாம சொல்லிடுறேன், பின்னாடி பேச்சு வரக் கூடாது பாருங்க. எங்க புள்ளைக்கு சமைக்க வராது. ரசம் வச்சா வெந்நீ மாரி இருக்கும். கோவம் வரும். ஆனா பச்சப் புள்ள எது அழுதாலும் இவ வாங்கித் தோள்ல போட்டா அடங்கிரும். அது ஆண்டவன் குடுத்தது."

தாடிக்காரர் ரசம் வரை ஒன்று விடாமல் மொழிபெயர்த்தார். அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அம்மையார், "கோபம் எவ்வளவு நேரம் இருக்கும் என்று கேள்," என்றார். அவர் தமிழில் கேட்டார். குப்பி நாற்காலியிலேயே துள்ளினார்.

"மாப்ள தமிழு பேசுறாங்க! அல்ஹம்துலில்லா! கோவமா? ஒரு டீ குடிக்கிற நேரம்தான் தம்பி. அதுக்கு மேல அவளாலயே முடியாது."

இந்த இடத்தில்தான் அம்மா மூச்சிரைக்க உள்ளே வந்தார். காட்சியைப் பார்த்தார். குப்பியைக் கைப்பிடித்து எழுப்பி வெளியே கொண்டுபோனார். குப்பி போகிற போக்கில், பையிலிருந்து எடுத்த தம்ரூட் டப்பாவைத் திரைக்கு நேராக நீட்டி, "இனிப்பு எடுத்துக்கங்க," என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

கதவு சாத்தப்பட்டது. நான் மன்னிப்புக் கேட்டேன். எத்தனை தடவை என்று தெரியாது, மெஷின் சத்தத்தில் பாதி அவர்களுக்குக் கேட்டிருக்காது. என் இடமும் அத்தாவின் லீவும் தம்ரூட்டோடு சேர்ந்து கதவுக்கு வெளியே போய்விட்டன என்றே நினைத்தேன். அப்படி நினைத்தவுடன் ஒரு விடுதலை வந்தது. இனிமேல் இழக்க ஒன்றும் இல்லை என்றால் பேச்சு நன்றாக வரும்போல.

அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "மெயிலில் கார்பன் பற்றிய வரியை எழுதியவள் நான்தான். இவர் அதற்கு எதிரி." ஒல்லிக்காரரைக் காட்டினார். "நேரில் பார்க்காமல் ஒருவரை எடுப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போவது மாதிரி என்கிறார். நீ இணையத்தைத் தேர்ந்தெடுத்தவள். யார் பக்கம் நியாயம்?"

நான் படித்து வைத்திருந்த பதில் ஒன்று உண்டு. அது வாயில் வரவில்லை. அத்தாதான் வந்தார்.

"என் அப்பா வெளிநாட்டில் இருக்கிறார் மேடம். நான் தவழ்ந்த நாளிலிருந்து என்னைப் பெரும்பாலும் திரையில்தான் பார்க்கிறார். புகை மிகக் குறைவாக விட்ட தகப்பன் என்று அவருக்குப் பரிசே கொடுக்கலாம். ஆனால் நான் மெலிந்திருக்கிறேனா என்று அவருக்குத் தெரியாது. இன்னொருவர் சொல்ல வேண்டும்."

"அப்படியென்றால் நேரில் வந்திருக்க வேண்டியதுதானே?" என்று பாய்ந்தார் ஒல்லிக்காரர்.

"இதற்கு முன்னால் நேரில் போனேன் சார். அவர்கள் என் ஊர்ப்பெயரை மட்டும்தான் பார்த்தார்கள். நீங்கள் என் வீட்டையும், வயலையும், என் குப்பியையும் பார்த்துவிட்டீர்கள். என் ரசம் வரைக்கும் தெரிந்துகொண்டீர்கள். நான் அங்கே வந்திருந்தால் இதில் ஒன்றுகூட உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஓர் இடத்துக்காக எல்லோரையும் பறக்கவைத்து, ஒருவரைத் தவிர எல்லோரையும் திருப்பிப் பறக்கவைக்கிற விமானம் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். எடுத்த அந்த ஒருவர் வரட்டும். குழந்தையைக் கையில் எடுக்க நேரில்தான் வர வேண்டும், திரையில் எடுக்க முடியாது. என் அப்பாவுக்கும் அப்படித்தான் ஒரு டிக்கெட் வேண்டும்."

கடைசி வாக்கியம் எப்படி வெளியே வந்தது என்று தெரியவில்லை. அவர்களுக்கு அது புரிந்திருக்கவும் வழியில்லை. ஆனால் ஒல்லிக்காரர் முதல்முறையாகச் சிரித்தார். பற்கள் வரிசையாக, அழகாகவே இருந்தன.

கீழே வந்தால் வீடு இரண்டுபட்டிருந்தது. அம்மா சமையலறையில் பாத்திரங்களைத் தண்டித்துக்கொண்டிருந்தார். குப்பி கூடத்தில் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். "டாக்டருங்கன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா நான் மருந்து மாத்திரயப் பத்திப் பேசிருப்பேன்ல?" என்றார் என்னைப் பார்த்து. எனக்கு வந்த கோபம், குப்பி சொன்னபடியே, ஒரு டீயோடு அடங்கிவிட்டது. அதிலும் எனக்குக் கோபம்.

அன்று இரவு அத்தாவிடம் நடந்ததைச் சொன்னோம். கல்லாவில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார். "அக்கா, ஒனக்கு மாப்ள புடிச்சிச்சா?" என்று கேட்டார். "தாடிய எடுத்தா நல்லாருப்பாரு," என்றார் குப்பி. அத்தா மறுபடி சிரித்தார். சிரிப்பெல்லாம் ஓய்ந்த பிறகு குரலைத் தணித்து, "கெடச்சிரும்லம்மா?" என்று கேட்டார். நெட் சரியில்லாதது போல நடித்தேன். நாங்கள் எல்லோரும் அந்த நடிப்பில் தேர்ந்தவர்கள், அவரும் நம்பியது போல நடித்தார்.

பதில் தெரியாமல் ஊருக்குப் போக மாட்டேன் என்று குப்பி எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார். வயலில் அறுப்பு முடிந்து வைக்கோல் கட்டுகளும் போய்ச்சேர்ந்தன. பதில் மட்டும் வரவில்லை. "பொண்ண பாத்துட்டுப் போயி இப்புடிக் கம்முனு இருந்தா என்ன அர்த்தம்? புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்ல வேணாமா?" என்று அவர் மாப்பிள்ளை வீட்டைத் திட்டினார். சும்மா சொல்லக் கூடாது, எனக்கும் அது ஆறுதலாகத்தான் இருந்தது.

மதியச் சாப்பாட்டின்போது மெயில் வந்தது. சோற்றுக் கையோடு இடது கையால் திறந்தேன். தேர்வாகிவிட்டேன் என்று இருந்தது. கீழே அம்மையார் தனியாக ஒரு வரி சேர்த்திருந்தார்: இங்கே வந்து ரசம் வைக்க வேண்டாம். நான் போட்ட கத்தலில் பூனை ஜன்னல் வழியாகக் குதித்து ஓடியது. அம்மா பயந்துபோய் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார்.

"ஒத்துக்கிட்டாங்களா?" என்றார் குப்பி.

"ஒத்துக்கிட்டாங்க குப்பி!"

"நான் அன்னிக்கே சொன்னேன், அந்த மாமியா நல்லவங்கன்னு."

கையைக்கூடக் கழுவாமல் அத்தாவைக் கூப்பிட்டேன். சொன்னேன். அவர் போனைக் கல்லாவில் மல்லாக்க வைத்துவிட்டார். திரையில் கடையின் கூரையும் சுற்றுகிற ஃபேனும்தான் தெரிந்தன. கொஞ்ச நேரம் நாங்கள் மூன்று பேரும் அந்த ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு முகத்தைக் கழுவிய ஈரத்தோடு திரும்பி வந்து, "மொதலாளி மதியத் தொழுகைக்குப் போயிருக்காரு. வந்ததும் லீவு கேக்குறேன்," என்றார்.

சித்திரை வெயிலில் அத்தா வந்தார். திருச்சி விமான நிலையத்தில், வெளியே வருகிறவர்களின் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நானும் அம்மாவும் குப்பியும் நின்றோம். குப்பி என்னைச் சீண்டினார்: "ஒங்க அத்தா ஏறி வர்ற ப்ளைட்டுக்குப் புகை எவ்வளவுன்னு பாத்தியா?" பார்க்கவில்லை என்றேன். பார்க்கவும் போவதில்லை என்றேன். வடக்கே சேரப் போகிற பயணத்தை மட்டும் ரயிலில் போட்டிருக்கிறோம், அத்தாவும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து நாடு முழுக்கப் பேசிக்கொண்டே போகலாம் என்று சொல்லிவைத்திருந்தேன்.

கதவு திறந்து திறந்து யார் யாரோ வந்தார்கள். பிறகு அத்தா வந்தார், பெட்டி ஏற்றிய வண்டியைத் தள்ளிக்கொண்டு. நரை திரையில் தெரிந்ததுதான். ஆனால் அவர் இவ்வளவு குள்ளமாகியிருப்பார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. தடுப்பைச் சுற்றி ஓடினேன். அவர் வண்டியை விட்டுவிட்டு, எனக்கு ஒரு கை தூரத்தில் நின்றார். போனைப் பிடித்துக்கொண்டு பேசுகிற தூரம். அதைத் தாண்டி வரத் தெரியாதவர் போல அங்கேயே நின்று என் முகத்தைப் பார்த்தார். பிறகு, கொஞ்சம் சத்தமாகவே கேட்டார்:

"கேக்குதாம்மா?"

பின்னால் குப்பி சிரிக்க ஆரம்பித்து, பாதியில் முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

"கேக்குது அத்தா," என்றேன். "கிட்ட வாங்க."